ஓடாத தண்ணீர்

வெள்ளவத்தைச் சந்தையில்
வாழைக்குற்றி கேட்டேன்.
"விளக்கீட்டுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கே"
என்றார் நிஸ்தார்.
மிதக்கவிட, என்றேன்.
கத்தி ஒரு கணம் காற்றில் நின்றது.
பிறகு பாண் துண்டுபோல் இரண்டு அறுத்துத் தந்து
காசு வேண்டாம் என்றார்.
தண்ணியில எறியிற சாமானுக்கு
என்னெண்டு விலை சொல்லுறது?

போன வருடம்
தையல் ஆலை அலுவலாய்ப் போன சியாங் மாயில்
சுனிசா என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனாள்.
கடதாசிக் கூட்டின் ஓர் ஓரம் அவள் கையில்
மறு ஓரம் என் கையில்.
உள்ளே சூடு ஏற ஏற
கூடு எங்கள் விரல்களை இழுத்தது.
விடு, என்றாள்.
நான் விடவில்லை.

இரவு வானத்தில் வெளிச்சம் கண்டால்
குனிகிற ஊரில் பிறந்தவன் நான்.
பரா வெளிச்சம் எரிந்து இறங்கும் மட்டும்
பதுங்கு குழிக்குள் ஒன்று இரண்டு என்று எண்ணுவோம்.
அன்றைக்கும் எண்ணினேன் போல.
இருபதில் அவள் என் விரல்களை
ஒவ்வொன்றாய்க் கழற்றினாள்.

கூடு ஏறியது.
பக்கத்தில் நூறு, அதற்கும் மேல் ஆயிரம்.
கழுத்து வலிக்கும் வரை பார்த்திருந்தேன்.
ஒன்றும் விழவில்லை.

பிறகு ஆறு.
வாழை இலைத் தெப்பத்துக்குள்
ஒரு நகத்துண்டு, ஒரு தலைமயிர், ஒரு நாணயம்.
வருடத்துச் சினமெல்லாம் போய்விடும், என்றாள்.
எங்கே போகும்?
கீழே, என்று கையைக் காட்டினாள்.
ஆறு வாங்கிக்கொண்டு போனது,
வேலை தெரிந்த ஆறு.

இந்த வருடம் அவள் இங்கே.
கட்டுநாயக்காவில் பொத்தான்களின் தரம் பார்க்கிறாள்.
சித்திரை வருடப்பிறப்பன்று
தண்ணீர்த் துப்பாக்கியோடு எங்கள் மாடிக்கு வந்தாள்.
வதனி அவள் உச்சியில்
ஒரு கரண்டி மருத்துநீர் வைத்தாள்.
"இவ்வளவுதானா?" என்று நின்றவள்
குழாயைத் திறந்தாள்.
கீழ்வீட்டுக்காரர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

இப்போது பூரணை. போயா விடுமுறை.
பேரே வாவியில்
அன்னப் படகுகள் சங்கிலியில் உறங்குகின்றன.
இலை மடித்து, செவ்வந்தி குத்தி,
கொச்சிக்கடை அந்தோனியார் வாசலில் வாங்கிய
மெழுகுதிரியை நடுவில் நட்டாள்.
நகம் தந்தேன். மயிர் பிடுங்க யோசித்தேன்;
மிச்சம் இருப்பதே கொஞ்சம்.
அவள் பிடுங்கினாள்.

படியில் குந்தித் தள்ளினோம்.
மூன்று முழம் போய் நின்றது.
காலிமுகத்திடல் பக்கமிருந்து காற்று வந்தது.
தெப்பம் மெதுவாகத் திரும்பி
எங்கள் படியிலேயே முட்டியது.
மறுபடி தள்ளினோம். மறுபடி வந்தது,
சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற பிள்ளை மாதிரி.

காவலாளி டோர்ச் அடித்தபடி வந்தார்.
சட்டையில் விஜேதுங்க என்று இருந்தது.
ஏசப்போகிறார் என்று
எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தையெல்லாம்
நாவில் அடுக்கி வைத்தேன்.
அவர் தெப்பத்தைப் பார்த்தார்.
"இந்தத் தண்ணி எங்கேயும் போறதில்லை, மாத்தயா.
பிளாஸ்டிக் போத்தல் போட்டாலும் இங்கதான் நிக்கும்."

குப்பை வாரும் நீளக் கம்பால்
சுடர் அணையாமல்
நடு வாவி வரை தள்ளிவிட்டார்.
"காலையில ஆறு மணிக்கு
நான்தான் வலையால அள்ளணும்."

சுனிசாவுக்குச் சொன்னேன்.
அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள்.
பிறகு, ஆற்றைக் கும்பிட்ட அதே மாதிரி
அவரைக் கும்பிட்டாள்.
அவருக்கு வெட்கம் வந்து
டோர்ச்சை அணைத்தார்.

உள்ளே காசு இருக்கா, என்று கேட்டார்.
இருக்கு.
எடுக்கலாமா?
காசை எடுக்கலாம், நகத்தைத் தொட வேண்டாம், என்றாள்.
மொழிபெயர்த்தேன்.
எந்த நகம் யாருடையது என்று
அவர் கேட்கவில்லை.